மூன்றாம் சாவி

ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் கொட்டிச் சுவிட்சைத் தட்டியபோது மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பெண்ணிடம் ஒரு குறை கண்டுபிடித்தாக வேண்டும். ஒன்று போதும். வெள்ளிங்கிரி ஆறு நாளாகத் தேடுகிறார், அகப்படவில்லை. கல் ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. முனகாமல் இந்த வீட்டில் எதுவும் தொடங்காது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. வலது கை உளுந்துக்கு, இடது கை கணினிக்கு என்று அவர் பிரித்துக்கொண்டார். "ஏனுங்க, இருவது நிமிசத்துக்கு மேல ஓட விட்றாதீங்க, மாவு சூடாயிரும்," என்று ரேணுகா கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தங்கை வீட்டுக்குப் போவாள்; ஞாயிற்றுக்கிழமைதோறும் மாவு அரைப்பது இவர் பொறுப்பு; ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த இருபது நிமிஷத்தைச் சொல்லாமல் அவளுக்குச் செருப்பு மாட்ட வராது. முப்பது வருஷமாகப் பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் மோட்டார் சூட்டை அளக்கிற மனிதனிடம் சூட்டைப் பற்றிப் பேச்சு. பதினொன்று பதினெட்டுக்கு அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாப்பத்தேழு ஏ பஸ் பதினொண்ணு முப்பத்தெட்டுக்குத்தான்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெரியுமுங்க, பாத்தேன், கழிச்சுத்தான் கிளம்பறேன்." என்னத்தைக் கழித்தாளோ. நிறுத்தம் ஐந்து நிமிஷ நடை. வெயிலில் போய்க் கால் மணி நேரம் நிற்பதில் இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு ருசி. பஸ்ஸை நம்ப மாட்டார்கள், கடிகாரத்தை நம்ப மாட்டார்கள், கட்டிய புருஷன் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய செயலியையும் நம்ப மாட்டார்கள். போகட்டும். கதவு சாத்தப்பட்டது. கல் சுற்றியது.

அந்தச் செயலிக்குப் பெயர் 'அடுத்த வண்டி'. நிற்கிற நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், அடுத்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று அது சொல்லும். வெள்ளிங்கிரி தன் ஊருக்காக மட்டும் எழுதத் தொடங்கியது, இப்போது பதினெட்டு ஊர்களில் ஓடுகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது, யாரும் முதலாளி கிடையாது. நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பிய திருத்தத்தை உள்ளே சேர்க்கச் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, ஓர் அனுமதி, பெயருக்கு எதிரே விழும் ஒரு சின்ன டிக். அந்த டிக்குக்காக மனிதர்கள் படும் பாட்டை வெள்ளிங்கிரி பார்த்திருக்கிறார். இரண்டே இரண்டு எழுத்தைத் திருத்திவிட்டு, 'நானும் இந்தக் குடும்பத்தில் ஒருவன்' என்று நெகிழ்ந்தவன் ஒருவன். திரை முழுக்க மயில் கழுத்து நிறம் பூசி அனுப்பிவிட்டு, 'எப்படி இருக்கு ப்ரோ?' என்று கேட்டவன் ஒருவன். பயணிகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் வசதியை எழுதிக்கொண்டு வந்தவன் ஒருவன். பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு வாழ்த்து எதற்கு, பஸ் போதாதா? சுகந்தன் என்பவனுக்குச் சாவி கொடுத்தார்கள், கொடுத்த நாலாம் நாள் அவனுடைய கண்ணாடி போட்ட முகம் செயலியின் முதல் பக்கத்தில் வந்து சிரித்தது. 'நிறுவனர் குழு' என்று கீழே ஒரு வரி வேறு. எடுக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு சாவியைத் திருப்பி எறிந்துவிட்டுப் போனான். அதோடு சாவிகள் இரண்டாகக் குறைந்து, ஆறு வருஷமாக இரண்டாகவே இருக்கின்றன. ஒன்று வெள்ளிங்கிரியிடம். மற்றது நாகர்கோவிலில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மரியதாஸிடம். மரியதாஸ் நல்லவன். நல்லவன் கையில் சாவி இருப்பதும் கதவுக்குப் பூட்டுப் போடாமல் விடுவதும் ஒன்றுதான். யார் வந்து கேட்டாலும் 'பாவம், ஆர்வமா இருக்காவ' என்பான். போன ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவன்தான் எழுதினான்: 'அருப்புக்கோட்டை பவளக்கொடி அவர்களுக்குச் சாவி வழங்க முன்மொழிகிறேன்.' ஏழு நாள் அவகாசம். ஏழு நாளில் யாரும் எதிர்க்காவிட்டால் மௌனம் சம்மதம், சாவியைக் கணினி தானாகவே கொடுத்துவிடும். அந்த விதியை எழுதியவர் வெள்ளிங்கிரி. 'சும்மா பிடிக்கவில்லை என்று எதிர்க்கக் கூடாது, அந்த நபரின் வேலையிலிருந்து ஒரு வரியையாவது எடுத்துக் காட்டி எதிர்க்க வேண்டும்' என்ற விதியை எழுதியவரும் வெள்ளிங்கிரி. என்ன நியாயம், என்ன நேர்மை. அன்றைக்கு யாரை நினைத்து அவ்வளவு உத்தமனாக இருந்தோம் என்று அவருக்கு இப்போது நினைவில்லை.

ஒரு கை தண்ணீர் தெளித்தார். உளுந்து கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது, விரலால் தள்ளிவிட்டார். தெருவில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மணி பதினொன்று இருபத்தேழு, அது எந்த வண்டியோ, இந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் எந்த வண்டியும் கிடையாது, கல்யாண வண்டியாக இருக்கும். பவளக்கொடி. பெயரைப் பார், கூத்து மேடையிலிருந்து இறங்கி வந்த மாதிரி. இ-சேவை மையத்தில் வேலை. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, இடையில் ஆள் வராத நேரத்தில் நிரல் எழுதுகிறாளாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தாள். முதலில் பஸ் நேரம் மட்டும்தான் அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கண்டக்டர்களிடம் கேட்டு, கேட்டதை நம்பாமல் மூன்று நாள் தானே நின்று பார்த்து, எந்தத் தேதி பார்த்தது, எந்தப் பக்கம் நின்று பார்த்தது என்பது வரை எழுதி அனுப்புவாள். குமாஸ்தா புத்தி. அப்புறம் மெல்ல மெல்ல நிரலில் கை வைத்தாள். ஒன்றைத் திருத்தி அனுப்பினால் ஏன் திருத்தினேன் என்று நாலு வரி; அந்த நாலு வரியில் இரண்டு இடத்தில் 'சார்'. 'வெள்ளிங்கிரி சார் சொன்னபடி', 'வெள்ளிங்கிரி சார் முன்பு எழுதியதை ஒட்டி'. முதுகில் தடவிக் கொடுத்து மூக்கணாங்கயிறு போடுகிற வித்தை இதெல்லாம், அவருக்குத் தெரியாதா? ஆயிரத்து நூறு திருத்தம். ஆயிரத்து நூறையும் அவர் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட, தயிர்சாதத்தில் ஒரு கண்ணும் அவள்மேல் ஒரு கண்ணுமாக. வியாழக்கிழமை ஒரு குறிப்பின் கடைசியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருப்பதைக் கண்டு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதையே எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்று அரை நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பிறகு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வைத்ததற்காக அவள்மேல் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூன்று சாவி இருக்கும்போது இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாமவரின் சாவியைப் பறிக்கலாம். அதுவும் விதி. அதையும் எழுதியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு சாவி இருக்கும்வரை யாரையும் யாரும் அசைக்க முடியாது, ஒன்றுக்கு ஒன்று, தராசு சமம். மூன்றாவது வந்த மறுநிமிஷம் மரியதாஸும் பவளக்கொடியும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பறிப்பார்கள் என்றில்லை. மரியதாஸ் எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவான். ஆனால் பறிக்க முடியும் என்றாகிவிடும். முடியும் என்பதோடு தினமும் படுத்து எழ வேண்டும். பறிக்கக் காரணம் இருக்கிறதா என்று யாராவது தேடினால் கிடைக்குமா? இந்த இடத்தில் நினைப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் இங்கேதான் நிற்கிறது. கிரைண்டரில் தவறி விழுந்த ஒரு கல்லுப்பரல் போல இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு கடகடப்பு. இரண்டு வருஷமாக அவருக்கு நிரல் சரியாகப் புரிவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பாதியைப் புது முறையில் மாற்றி எழுதிவிட்டார்கள். அவர் எழுதிய காலத்தில் ஒரு வேலைக்கு ஒரு வழி, மேலிருந்து கீழே படித்தால் புரியும். இப்போது ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது மூன்றாவதைக் கூப்பிடுகிறது, கூப்பிட்ட வீட்டிலே யாருமில்லை. திருத்தங்கள் பார்வைக்கு வரும். அவர் திறப்பார். முதல் பத்து வரி படிப்பார். மூடிவிடுவார். மூன்று மணி நேரம் கழித்து, சரியாக மூன்று மணி நேரம், மறுபடி திறந்து 'பார்த்தேன். சரி.' என்று எழுதுவார். உடனே எழுதினால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். மறுநாள் எழுதினால் சோம்பேறி என்று நினைப்பார்கள். மூன்று மணி நேரம் என்பது கவனமாகப் படிக்கிற ஒரு மூத்த மனிதனுக்கு ஆகிற நேரம். அதைக்கூட அளந்துதான் வைத்திருக்கிறார். பயல்களுக்கு இது தெரியாது. பயல்கள் என்ன பயல்கள், மரியதாஸுக்கு நாற்பத்து நாலு, அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். தெரியாது என்பது மட்டும் நிச்சயமா? ஒரு முறை அவள் அனுப்பிய திருத்தத்தில், அவர் 'சரி' என்று எழுதிய பிறகு, அவளே வந்து, 'மன்னிக்கவும் சார், பதினான்காம் வரியில் நான் ஒரு தவறு செய்திருந்தேன், நீங்கள் பார்ப்பதற்குள் திருத்தியிருக்க வேண்டும்' என்று எழுதினாள். நீங்கள் பார்ப்பதற்குள். அவர் பார்த்துவிட்டுத்தானே சரி என்று எழுதினார்? எழுத்தில் அப்படித்தானே இருக்கிறது? மரியாதை என்ற பெயரில் எப்படிப்பட்ட அறை.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அகப்பட்டது. 'நிறுத்த நேரம்' என்ற ஒரு கோப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் சேர்த்தது, ஓரத்தில் வரிக்கு வரி அவள் பெயர். அதன் நடுவில், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது போல ஒளிந்துகொண்டு, ஒரு வரி: பாதை நாற்பத்தேழு ஏ என்றால், நிறுத்தம் 'கேட்'டுக்கு மேற்கே என்றால், பதினொரு நிமிடம் கூட்டு. அவ்வளவுதான். ஏன் பதினொன்று? ஏன் நாற்பத்தேழு ஏ-க்கு மட்டும்? எங்கோ அருப்புக்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறவள் அவருடைய ஊர் பஸ்ஸுக்கு, அவர் வீட்டு வாசல் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு, மனம்போனபடி பதினொரு நிமிஷம் கூட்டியிருக்கிறாள். அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆறு நாள் பட்டினிக்குப் பிறகு இலையில் சோறு விழுந்த மாதிரி. இதுதான். இப்படித்தான் இருப்பார்கள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஆயிரத்து நூறு ஒழுங்கான வரியை முன்னால் அடுக்கி வைத்துவிட்டுப் பின்னால் இப்படி ஒன்றைச் செருகுவார்கள், காரணம் எழுதாமல், கூச்சமில்லாமல், யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில். இடது கையால் தட்டச்சுச் செய்தார், ஒரு விரல், ஒரு விரலாக: 'எதிர்க்கிறேன். எடுத்துக்காட்டு கீழே. காரணம் எதுவும் இல்லாமல் பதினொரு நிமிடம் கூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பயணி அந்த நிறுத்தத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லாதவர்தான் இப்படி ஒரு வரியை எழுத முடியும். இப்படிப்பட்டவரின் கையில் சாவி இருப்பது ஆபத்து.' இரண்டு முறை படித்தார். ஆபத்து என்ற சொல் நன்றாக விழுந்திருந்தது. பதினொன்று நாற்பத்து நாலுக்கு அனுப்பினார். 'எதிர்ப்பு பதிவானது. பன்னிரண்டு மணிக்குள் திரும்பப் பெறப்படாவிட்டால் முன்மொழிவு தள்ளுபடியாகும்' என்றது கணினி. எவ்வளவு மரியாதையான இயந்திரம். தான் எழுதிய இயந்திரம்.

மூன்று நிமிஷம் அவர் சும்மா நின்று கல் சுற்றுவதைப் பார்த்தார். உளுந்து வெண்ணெய் போலத் திரண்டு பொங்கியிருந்தது. பிறகு போன் அடித்தது, மரியதாஸ். "அண்ணே, வணக்கம். ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்படாது." "சொல்லு." "அந்த வரி இருக்குல்லா அண்ணே, பதினோரு நிமிசம்." "ஆமா. பாத்தியா? இதுக்குத்தான் ஆர்வம் ஆர்வம்னு ஆடினியா?" "அது இல்லண்ணே. அந்தப் பொண்ணு மூணு வாரம் முன்னால பெரிய கோப்பை உடைச்சு நாலு சின்ன கோப்பா ஆக்கிச்சு. வரியெல்லாம் இடம் மாறிச்சு. இடம் மாத்தினவங்க பேருதான் ஓரத்துல வரும். நீங்க கொஞ்சம் பின்னாடி போயி பாருங்க." "பின்னாடின்னா?" "பழைய கோப்புக்கு. முத முதல்ல யாரு எழுதினாவன்னு." மறுமுனையில் சர்ச் மணி அடித்தது. "நீங்கதான அண்ணே எங்களுக்கெல்லாம் எழுதி வச்சிய, புதுசா வாறவனுக்கு முதல் பாடம். ஒரு வரியைக் குறை சொல்லுறதுக்கு முன்னால அதுக்க முழு வரலாறையும் பாருன்னு." "எனக்கே பாடமா?" "ஐயோ, இல்லண்ணே. பன்னெண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதான் கூப்பிட்டேன். வைக்கட்டா?" வைத்துவிட்டான். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு குத்தல் இல்லை. நல்லவர்கள் எவ்வளவு கேவலமாக ஒரு மனிதனைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பின்னால் போனார். ஒரு தட்டு, மூன்று வாரத்துக்கு முன். இன்னொரு தட்டு, மரியதாஸ் ஒருமுறை பெயர் மாற்றியது. இன்னொரு தட்டு, 2015, ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை. எழுதியவர்: வெள்ளிங்கிரி. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: தற்காலிகம். ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, அவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையின் வாசனைகூட வந்தது, டீசல் புகையும் வெள்ளரிப் பிஞ்சும். அப்போது ரயில்வே கேட் இருந்தது. பாசஞ்சர் போகக் கேட் மூடுவான், நாற்பத்தேழு ஏ அங்கே நிற்கும், ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளரிக்காய் விற்பார்கள். ஸ்கூட்டர் வாங்காத காலம், அவரும் அந்தப் பஸ்ஸில்தான் கம்பெனிக்குப் போய் வந்தார். மூன்று நாள் பஸ்ஸில் நின்றபடி கைக்கடிகாரத்தில் பார்த்தார்: பதினொன்று, பத்தரை, பதினொன்றரை. சராசரி பதினொன்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த வரியை எழுதியபோது உலகத்திலேயே கேட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒரே செயலி தன்னுடையது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அதை ரேணுகாவிடம்கூடச் சொன்னார், அவள் அப்போதும் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள். ரயில் வராத நேரத்துப் பஸ்ஸுக்கும் அதே பதினொன்றைக் கூட்டியிருந்தது அப்போதே தப்பு. அது போகட்டும். 2018-இல் மேம்பாலம் வந்தது. கேட்டைப் பிடுங்கிவிட்டார்கள். கேட் கீப்பரின் அறை இருந்த இடத்தில் இப்போது கரும்புச்சாறு வண்டி நிற்கிறது. பாலத்தின் மேல் அவரே தினமும் இரண்டு தடவை ஸ்கூட்டரில் ஏறி இறங்குகிறார், ஏறும்போது நல்ல காற்று வருகிறது என்று நினைத்துக்கொண்டு. ஏழு வருஷம். ஏழு வருஷமாகக் கேட்டுக்கு மேற்கே ஏழு நிறுத்தங்களில், இல்லாத கேட்டில், வராத ரயிலுக்காக, அவருடைய நாற்பத்தேழு ஏ பதினொரு நிமிஷம் நின்றுகொண்டிருக்கிறது. நிஜ வண்டி பதினொரு நிமிஷம் முன்னாலேயே போய்விடுகிறது. செயலியைப் பார்த்துவிட்டு நிதானமாகத் தலை சீவிக்கொண்டு வந்தவர்கள் வெறும் ரோட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

புகார் வந்திருக்குமே? வந்திருந்தது. தேடினார். முப்பத்தொன்று. 'வண்டி முன்னாலேயே போய்விட்டது.' 'இன்றும் தவறவிட்டேன்.' 'டயாலிசிஸ்க்குப் போக வேண்டும், தயவுசெய்து நேரத்தைச் சரிபார்க்கவும்.' முப்பத்தொன்றையும் மூடியவர் அவர். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், எழுதி வைத்து ஒட்டிக்கொண்டிருந்த பதில்: 'நிறுத்தத்துக்குச் சற்று முன்னதாக வந்து நிற்கவும்.' அதை எழுதியபோது முகத்தில் இருந்த இளக்காரம் அவருக்கு நினைவிருக்கிறது. சோம்பேறிகள், கடைசி நிமிஷத்தில் ஓடி வந்துவிட்டுச் செயலிமேல் பழி போடுகிறவர்கள். கோப்பின் அடியில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. மூன்று வாரமாக ஒட்டியிருக்கிறது, அவர் திறக்கவில்லை. பத்து வரிக்குக் கீழே அவர் எதைத்தான் திறந்தார். 'வெள்ளிங்கிரி சார், கோப்பைப் பிரிக்கும்போது இந்தப் பதினொரு நிமிடம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வரைபடத்தில் கேட் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியது, காரணம் இல்லாமல் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள். — பவளக்கொடி.' அவர் அதை மூன்று முறை படித்தார். இதைவிட அவள் திட்டியிருக்கலாம். காரணம் இல்லாமல் எழுதியிருக்க மாட்டீர்களாம். மடச்சி. எதற்கு இவ்வளவு நம்புகிறாள்? நம்பியதால் மூன்று வாரம் கூடுதலாக இன்னும் எத்தனை பேர் வெறும் ரோட்டைப் பார்த்தார்கள்? அவளை இகழ அவருக்கு இப்போதுதான் முதன்முதலாக ஓர் உண்மையான குறை கிடைத்தது. அதற்கும் அவரேதான் காரணமாக இருந்தார். தான் எழுதி அனுப்பிய எதிர்ப்பை மறுபடி பார்த்தார். 'ஒரு பயணி அந்த நிறுத்தத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லாதவர்.' சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. பெயர் ஒன்றுதான் தப்பு.

கடிகாரம் பதினொன்று ஐம்பத்து நாலு. சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் ஆறு நிமிஷத்தில் முன்மொழிவு தள்ளுபடி. மரியதாஸ் யாரிடமும் சொல்ல மாட்டான், அவன் குணம் அப்படி. அவள் பின்னால் போய்ப் பார்ப்பாள், அவள் எல்லாவற்றையும் பின்னால் போய்ப் பார்க்கிறவள், ஏற்கெனவே பார்த்தும் இருப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், திங்கட்கிழமை வந்து, 'வெள்ளிங்கிரி சார் சுட்டிக்காட்டியபடி' என்று எதையாவது திருத்தி அனுப்புவாள். அந்தச் 'சார்' அவர் காதில் இப்போதே கேட்டது. அந்த வரியின் வரலாற்றையே அழித்துவிடலாம். சாவி இருப்பவர் நினைத்தால் அதையும் செய்யலாம், ஒரு கட்டளை, ஓர் எண்டர், 2015-ஆம் வருஷத்துச் செவ்வாய்க்கிழமை நடக்காதது ஆகிவிடும். விரல் அந்தக் கட்டளையின் முதல் மூன்று எழுத்துவரை போனது. இதற்குத்தானே யாருக்கும் சாவி கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்? இப்படி ஒருவன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்றுதானே? அடித்த எழுத்தைப் பின்னோக்கி அழித்தார். எதிர்ப்பைத் திரும்பப் பெறக் காரணம் ஒரு வரி எழுத வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி. அது விதி, சுகந்தனை மட்டம்தட்டுவதற்காகவே அவர் எழுதிய விதி. பதின்மூன்று வருஷமாக ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு சுருக்குக் கயிறு திரித்து வைத்திருக்கிறார், எல்லாம் ஒரே கழுத்து அளவுக்கு. ஒரு விரலால் அடித்தார். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று தொடங்கினார். நேர்ந்துவிட்டதாம், மழை மாதிரி. அழித்தார். 'பழைய வரி என்பதால் குழப்பம்' என்று எழுதினார். குழப்பம் யாருக்கு? அழித்தார். ஐம்பத்தெட்டு. 'அந்த வரி நான் எழுதியது. ரயில்வே கேட் போய் ஏழு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு பேர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.' அனுப்பினார். எண்டரை அடித்தது வலது கை; விசைப்பலகையில் மாவு ஒட்டியது.

பன்னிரண்டு மணிக்குக் கணினி தன் வேலையைச் செய்தது. 'பவளக்கொடி அவர்களுக்குச் சாவி வழங்கப்பட்டது. எதிர்ப்பு: இல்லை.' எதிர்ப்பு இல்லையாம். ஐம்பத்தைந்து நிமிஷம் இந்த அடுப்பங்கரையில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அப்போதுதான் கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. அணைத்தார். அந்த அமைதியில் காது ரீங்கரித்தது. பன்னிரண்டு நாலுக்கு ஒரு செய்தி வந்தது. 'நன்றி சார். அந்த வரியை எடுத்துவிடட்டுமா?' கையில் சாவியை வைத்துக்கொண்டு கேட்கிறாள் பார், எடுக்கட்டுமா என்று. 'சாவி இருப்பவர் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது' என்று அடித்தார். அதில் இருந்த பழைய குரல் அவருக்கே கேட்டது. அழித்துவிட்டு, 'எடுங்கள்' என்று மட்டும் எழுதினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருடைய போனில் இருந்த செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஞாயிறு, நாற்பத்தேழு ஏ, பதினொன்று முப்பத்தெட்டு என்று இருந்த இடத்தில் பதினொன்று இருபத்தேழு. பதினொன்று இருபத்தேழு. அந்த ஹாரன். கல்யாண வண்டி இல்லை. கழிச்சுத்தான் கிளம்பறேன் என்றாளே ரேணுகா. ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அவருடைய செயலியைத் திறந்து, அவருடைய நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து பதினொன்றைக் கழித்துக்கொண்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் செருப்பு மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சொல்லாமலா? எப்போதோ ஒரு முறை சொன்னாள். அவர் என்ன பதில் சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை, ஆனால் தெரியும். அவரிடம் அந்தப் புகாருக்கு ஒரே ஒரு பதில்தானே இருந்தது. வரும் ஞாயிறும் அவள் திறந்து பார்ப்பாள். இருபத்தேழு என்று இருக்கும். அதிலும் கழிப்பாள். பதினொன்று பதினாறுக்குப் போய் வெயிலில் நிற்பாள்.

அவளைப் போனில் கூப்பிட்டார். தங்கை வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓயும்வரை காத்திருந்தார். "ரேணு, அடுத்த வாரத்துல இருந்து கழிக்க வேண்டாம்." "எடுத்துட்டீங்களா?" என்றாள். எதை என்று கேட்கவில்லை. "நானில்ல. வேறொருத்தங்க எடுத்தாங்க. பவளக்கொடின்னு, அருப்புக்கோட்டை." "யாராச்சும் எடுத்தாச் சரிங்க. மாவு என்னாச்சு?" அவர் விரலை மாவில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது, ஜுரக்காரன் நெற்றி மாதிரி. "சூடாயிருச்சு," என்றார். "தெரியுமுங்க," என்றாள் அவள். "முப்பது நிமிசம் ஓடலாம். நீங்க மறப்பீங்கன்னு பத்தைக் கழிச்சுத்தான் சொல்லிட்டு வந்தேன்."